ஒரு மேசைக்கரண்டி சீனியின் நூறு வருசம்

எங்கட வீடுகளில் ஒருவருக்குச் சீனி வருத்தம் எண்டு கிளினிக்கில் சொன்ன நாளோடு, அவருக்கும் சீனிப் போத்தலுக்கும் நடுவில் ஒரு மதில் எழும்பிவிடும். அவருடைய தேத்தண்ணியில் சீனி நின்றுவிடும். கலியாண வீட்டில் கேசரி நீட்டினால், பக்கத்தில் இருக்கிறவர் "அவருக்குக் குடுக்காதேங்கோ" என்று தடுப்பார். எல்லாம் அக்கறையில் செய்கிறதுதான். ஆனால் அதே மனிசன் ஒருநாள் மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பாடு பிந்தி, குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கும்போதும் அந்த மதில் அப்படியே நிற்கும். அந்த நிமிசத்தில் அவருக்கு வேண்டிய மருந்து சீனி. அதை எடுத்துக் கொடுக்க வீட்டில் பலருக்குக் கை வராது.

நாங்கள் கலைப்பீட ஆக்கள், மருத்துவம் படிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த பாதை வரலாறு. அந்தப் பாதையால் போய்ப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. இந்த விசயத்தில் எங்கட வீடுகள் இன்னும் 1921 இலேயே நிற்கின்றன.

1921 வரைக்கும் நீரிழிவுக்கு மருந்து இல்லை. அமெரிக்காவில் பிரெடெரிக் அலன், எலியட் ஜொஸ்லின் போன்ற வைத்தியர்கள் கையில் இருந்த ஒரே வழி பட்டினி. உணவை மட்டுமட்டாகக் குறைத்து, நோயாளியின் சாவைச் சில மாதங்களோ சில வருசங்களோ தள்ளிப்போட்டார்கள். அலனிடம் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பசி தாங்காமல் பற்பசையையும் கூட்டுக் குருவிக்கு வைத்த தானியத்தையும் எடுத்துத் தின்றிருக்கிறான். அப்படியான ஒரு காலத்தில் சீனி எதிரியாகத்தான் தெரியும். நீரிழிவுக்காரருக்குச் சீனியைக் காட்டவே கூடாது என்ற பேச்சுக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது.

பிறகு ரொறன்ரோ. பாண்டிங், பெஸ்ட், மக்ளியோட், கொலிப் என்ற நாலு பேரின் பெயர்கள் இன்சுலினோடு சேர்ந்தவை. 1922 ஜனவரி 11 அன்று லெனாட் தொம்சன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது பெரிதாக வேலை செய்யவில்லை. கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை ஜனவரி 23 இலிருந்து போட்டபோதுதான் பையன் தேறத் தொடங்கினான். இந்தக் கதை பாடப்புத்தகங்களிலும் வரும்.

பாடப்புத்தகத்தில் வராத கதை, கொலிப்பின் முயல்களுடையது. மருந்தின் வீரியத்தைச் சோதிக்க அவர் அதை நல்ல சுகமான முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார். அளவு கூடிய முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. அவற்றுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார். செத்துப்போகும் நிலையில் கிடந்த முயல்கள் கொஞ்ச நேரத்தில் எழும்பி நடந்தன. இரத்தத்தில் சீனி குறைந்தால் என்ன நடக்கும், அதற்கு என்ன மருந்து என்ற இரண்டும் அந்த ஆய்வுகூடத்தில் ஒன்றாகவே தெரியவந்தன. இன்னொரு விசயமும் இருக்கிறது. இன்சுலினை அளக்கும் முதல் அலகும் அந்த முயல்களிலிருந்துதான் வந்தது. பட்டினி போட்ட ஒரு முயலின் இரத்தச் சீனியை வலிப்பு வரும் மட்டத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45 மில்லிகிராமுக்கு, இறக்கத் தேவையான அளவுதான் ஓர் அலகு. மருந்தை அளந்த கோலே அதன் ஆபத்துத்தான்.

அடுத்தது மனிசர். ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் பிளெச்சர், கம்பெல் என்ற இரண்டு வைத்தியர்கள் இன்சுலின் போட்டவர்களைக் கவனித்து, 1922 இலேயே அறிகுறிகளை எழுதிவைத்தார்கள். திடீர்ப் பசி, வியர்வை, நடுக்கம், காரணமில்லாத பதற்றம், பிறகு குழப்பம், கடைசியில் மயக்கம். அதற்கு அவர்கள் கொடுத்தவை தோடம்பழச்சாறும் குளுக்கோசும். நேற்றுவரை இனிப்பைத் தொடாதே என்று கேட்டுவந்த நோயாளிக்கு, இன்றைக்கு இனிப்பைப் பக்கத்தில் வைத்திரு என்று சொல்லவேண்டி வந்தது. நீரிழிவின் வரலாற்றில் இது பெரிய ஒரு திருப்பம். ஊசி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஊசியோடு சேர்ந்து போகவேண்டிய இந்த இரண்டாவது பாடம் பல இடங்களில் பாதி வழியில் நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் வீட்டில் இரத்தச் சீனியைப் பார்க்க ஒரு வழியும் இல்லை. சலத்தைத்தான் சோதித்தார்கள். சலத்தில் சீனி கூடினால் தெரியும், இரத்தத்தில் குறைந்தால் தெரியாது. இரத்தத்தில் பார்க்கும் சின்னக் கருவி 1970 அளவில்தான் வந்தது. அதுவும் முதலில் வைத்தியர்களுக்கு, வீடுகளுக்கு வர இன்னும் பத்து வருசம் பிடித்தது. அரை நூற்றாண்டாக நோயாளிகளுக்கு இருந்த ஒரே அளவுகோல் தங்கட உடம்பு. அதனால்தான் பக்கத்தில் இருக்கிறவரின் அறிவு அவ்வளவு முக்கியமாயிற்று. லண்டனில் றொபின் லோறன்ஸ் என்ற வைத்தியர் தானே நீரிழிவுக்காரர். சாவை எதிர்பார்த்து இத்தாலிக்குப் போயிருந்தவர், 1923 மே மாதம் திரும்பி வந்து இன்சுலினால் பிழைத்தார். 1934 இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்சோடு சேர்ந்து நீரிழிவாளர்களுக்கு ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நோயாளிகளே கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற ஒரு வழி அப்படி உண்டானது.

"எங்கட அம்மம்மா ஊசி போடுறேல்ல, குளிசைதானே" என்று சிலர் கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கு. 1942 இல், போர்க்காலப் பிரான்சில், மொன்பெலியே நகரத்தில் ஜன்பொன் என்ற வைத்தியர் நெருப்புக்காய்ச்சல் நோயாளிகளுக்குப் புதிய சல்பா மருந்தொன்றைக் கொடுத்தார். பலருக்கு இரத்தச் சீனி விழுந்தது, சிலர் இறந்தார்கள். பஞ்சத்தில் அரைவயிறாகக் கிடந்த சனம் அது. அதே ஊரில் லூபத்தியேர் என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து படித்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்தே இந்த மருந்து சீனியை இறக்குகிறது என்று நாய்களில் காட்டினார். 1950களில் வந்த தொல்பியூட்டமைட்டும் பிறகு வந்த கிளிபென்கிளமைட்டும் கிளிக்கிளசைட்டும் அந்த வழியில் பிறந்த குளிசைகள். எல்லாச் சீனிக் குளிசையும் இப்படி இல்லை. மெற்போமின் தனியாக எடுத்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முதல் சொன்ன வகையை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், 1942 இல் நடந்தது எங்கட விறாந்தையிலும் நடக்கலாம். கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிறவர்களும் நோன்பு பிடிக்கிறவர்களும் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றவேணும் என்பது இதற்குத்தான்.

சரி, எந்த இனிப்பு? இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1990 இல் பிரான்சில் ஸ்லாமா என்பவரும் கூட்டாளிகளும் குளுக்கோஸ் குளிசை, குளுக்கோஸ் கரைசல், சாதாரணச் சீனி, ஜெல், தோடம்பழச்சாறு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். 15 கிராம் சாதாரணச் சீனி, குளுக்கோசுக்கு ஏறத்தாழச் சமமாக வேலை செய்தது. ஜெல்லும் பழச்சாறும் பிந்தின. இன்று உலகம் முழுக்கச் சொல்லும் பதினைந்து விதி நினைவில் வைக்கச் சுகமானது. இரத்தச் சீனி 70 இற்குக் கீழே போனால், அல்லது அறிகுறி வந்து அளக்க வழி இல்லையென்றால், 15 கிராம் சீனி. பதினைந்து நிமிசம் பொறு. சரிவராவிட்டால் திரும்பவும் அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பாடு.

15 கிராம் எண்டால் ஒரு மேசைக்கரண்டி சீனி, தண்ணீரில் கரைத்தது. அல்லது அரைக் கோப்பை சாதாரணச் சோடா. சீனி இல்லாத டயற் சோடா உதவாது. சொக்லேற்றில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான், சுடுதண்ணீரில் கரைத்தால் இங்கே உதவும். அகார்போஸ் குளிசை எடுப்பவருக்கு மட்டும் கடையில் விற்கும் குளுக்கோஸ் தூள்தான் வேணும். அந்தக் குளிசை சாதாரணச் சீனி உடைவதைத் தாமதமாக்கும்.

இதற்கு விலைகூடிய மருந்தும் உண்டு. குளுக்கொகொன் ஊசி 1960 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019 இல் மூக்கில் அடிக்கும் வடிவமும் வந்தது. மயங்கிக் கிடப்பவரையும் அது எழுப்பும் என்பதால் அதன் பெறுமதியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவிலேயே அதன் ஒரு பொதிக்கு நூற்றுக்கணக்கான டொலர் போகும். ஏழை நாடுகள் பலவற்றில் அது கிடைப்பதே அரிது. அந்த நாடுகளில் ஆய்வு வேறு பக்கம் போனது. 2000களில் புர்கினா பாசோவிலும் மாலியிலும் மலேரியாவால் சீனி விழுந்த சிறுபிள்ளைகளுக்கு, நனைத்த ஒரு தேக்கரண்டி சீனியை நாக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். சீனி ஏறியது. சேலைன் ஏற்ற வழியில்லாத இடங்களில் சிறுபிள்ளைகளுக்கு இப்படிச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் தன் கைந்நூலில் சேர்த்தது. அது சுகாதார ஊழியர்கள் பார்த்துச் செய்கிற வேலை. வீட்டில் மயங்கிய பெரிய ஆளின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 இற்கு அடியுங்கோ. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுது.

ரொறன்ரோ முயல்களுக்கு இப்போது நூறு வருசம் தாண்டிவிட்டது. இன்சுலினுக்கு வரிசை உண்டு, குளிசைக்குத் தட்டுப்பாடு வரும், கருவிக்குக் காசு வேணும். இந்த ஒரு மருந்துக்கு அப்படி ஒன்றும் இல்லை, அது குசினித் தட்டிலேயே இருக்கு. இல்லாதது அனுமதி. அந்த அனுமதியை நாங்கள்தான் வீட்டில் வாங்கிக் கொடுக்கவேணும். இந்தக் கிழமை அம்மம்மாவின் குளிசை உறையை எடுத்துப் பெயரைப் பாருங்கோ. வியர்த்து நடுங்கினால் சீனி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேணும் என்று வீட்டில் எல்லாருக்கும், சின்ன ஆக்களுக்கும், சொல்லிவையுங்கோ. கைப்பையில் நாலு ரொபியும் ஒரு பொட்டலம் சீனியும் வைத்துவிடுங்கோ. குளிசையின் ஆள் மயங்கியோ திரும்பத் திரும்ப விழுந்தோ போனால், தெளிந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்த வகைக் குளிசை உடம்பில் ஒருநாள்கூட நிற்கும், சீனி பிறகும் இறங்கும்.