எஞ்சினைப் பழக்கிய காலம்

புதிதாக எஞ்சின் செய்த பழைய உழவு இயந்திரத்தை முதல் நாளிலேயே முழுப் பாரத்துக்கு விடுவதில்லை. நாம்பனை ஏருக்குப் பழக்குவதுபோல அதையும் பழக்கியே எடுக்க வேண்டும். மெக்கானிக்குகள் 'ரன்னிங் இன்' என்று சொல்லும் இந்தச் சிறு காரியத்தின் பின்னால், மண்டைதீவு போன்ற ஊர்களில் போர்க்கால வரலாறொன்றும் கிடக்கிறது.

இலங்கைத் தமிழர் வயல்களில் நீண்டகாலம் உழைத்தவை மாசி பேர்குசன் 35, 135 ரக உழவு இயந்திரங்கள். 1959இன் பிற்பகுதியிலிருந்து 35க்குப் பெர்க்கின்ஸ் 3.152 டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்பதே அந்த எண்ணின் பொருள். 135 வெளிவந்தது 1964இல். எளிய அமைப்பு, ஊர்ப் பட்டறையிலேயே கழற்றிப் பூட்டலாம்.

1990களின் தொடக்கத்தில் தீவகம் இராணுவத்தின் வசமானபோது மக்கள் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். கைவிட்டு வந்த இயந்திரங்களை உப்புக்காற்று அரித்தது. குடாநாட்டிலோ பொருளாதாரத் தடை. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கிடையா. ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்காலத்தவர் மறக்கமாட்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி ஒயிலில் கலக்கும். ஒயில் நீர்த்துப்போக, பெயாரிங்கும் சிலிண்டரும் தேயும். டீசல் எஞ்சினுக்கு வேறு விதமான கேடு. டீசலின் வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லாததால் எரிபொருள் பம்ப் தேய்ந்துவிடும்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்ததும் உதிரிப்பாகங்கள் தாராளமாக வந்தன. பழைய இயந்திரங்களுக்குப் புதிய லைனர், பிஸ்டன், றிங் என்று மறுபிறவி கிடைத்தது. 2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மீண்டும் மூடப்பட்டது.

இங்கேதான் பழக்குதலின் அருமை தெரிகிறது. புதிய லைனரின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். றிங் அவற்றில் உரசி, சுவரின் வடிவத்துக்குத் தானும் படிய வேண்டும். படிய வைப்பது, றிங்கைப் பின்புறமிருந்து வெளியே தள்ளும் எரிவாயுவின் அழுத்தம். பாரமின்றி மணிக்கணக்காக ஓடவிட்டால் அந்த அழுத்தம் போதாது. ஒயில் சுவரில் கருகிக் கண்ணாடிபோலப் படியும். பிறகு றிங் ஒருபோதும் ஒட்டாது, நீலப்புகை நிற்காது. மாறாக, எடுத்த எடுப்பில் இறுகிய நிலத்தில் ஆழ உழுதால் சூட்டில் பிஸ்டன் உராய்ந்து சிதையும். ஆகவே நடுத்தரப் பாரம், மாறிமாறி வேகம். முதல் உழவு வேண்டாம். மறுத்துழுகையும் அரைப்பார இழுவையும் உகந்தவை. சில பத்து மணித்தியாலங்களில் முதல் ஒயிலை ஊற்றிவிட்டு, சிலிண்டர் தலையின் நட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்.

தீவகத்துக்கென்று இரண்டு கவனங்கள் உண்டு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் ரேடியேட்டரில் சுண்ணாம்பாகப் படியும். உவர்நீர் உலோகத்தையே தின்னும். மழைநீரே நல்லது. அடுத்தது காலம். வடகீழ்ப் பருவமழையை நம்பிய ஒருபோக நெற்செய்கையில் உழவுக்குக் கிடைப்பது சில வாரங்களே. அவசரப்பட்டுக் கெடுத்த எஞ்சின் ஒரு போகத்தையே விழுங்கிவிடும்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தடைக்காலத்து அனுபவம் யாழ்ப்பாணத்தவர் பலருக்கு நினைவில் எழுந்தது. அந்த அறிவு பெரும்பாலும் முதிய மெக்கானிக்குகளின் கைகளில்தான் இருக்கிறது. போரின் பெருநிகழ்வுகளை எழுதுகிறோம். இரும்பையும் நிலத்தையும் உயிரோடு வைத்திருந்த அந்தக் கைகளின் கதையையும், கேட்கக் கூடியபோதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.