நரம்புக்குத் தசை அனுப்பும் ஓலை

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், பெண் பூப்பெய்தியதும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். உடலுக்கு வலுவூட்டும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்த எண்ணெயே கால்களை முடக்கிய துயரம் 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் பாதம் தளர்ந்து நடக்க மாட்டாதவராயினர். நிமல் சேனாநாயக்க, ஜெயரத்தினம் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் 1981இல் அதன் காரணத்தை உலகுக்கு அறிவித்தனர். இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் திரைக்கிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு அந்த நல்லெண்ணெயில் கலந்திருந்தது.

இந்நஞ்சு உண்டவுடன் தாக்குவதில்லை. நாட்கள் பல கழிந்தே தன் வேலையைக் காட்டும். நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து அழியத் தொடங்கும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் தொலைவில் இருப்பதால், அதுவே முதலில் தளர்கின்றது. அங்கே கெட்டது தசையன்று; தசைக்கு வரும் கட்டளையே நின்றுவிட்டது. அவ்வாறாயின், நரம்பின் நுனியைத் தசையோடு பிணைத்து வளர்ப்பது எது?

நரம்பு ஆணையிடும், தசை பணியும் என்பதே முன்னையோர் கண்ட தொடர்பு. இத்தாலியப் பெண்மணி ரீற்றா லெவி மொந்தால்சினி 1950களில் வேறொன்றைக் கண்டார். நரம்பிழைகளைத் தழைக்கச் செய்யும் வளர்ச்சிக் காரணி ஒன்று உண்டென்று அவர் நிறுவினார். அதனைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோகனும் அவரும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். ஆயினும் அக்காரணி முதன்மையாக உணர்ச்சி நரம்புகளுக்கும் பரிவு நரம்புகளுக்கும் உரியது. தசையை இயக்கும் நரம்பைப் பற்றிய தெளிவு வேறோரிடத்திலிருந்து வந்தது.

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயே அவ்விடம். அதன் புழு சில நாட்களுக்குள் வளரும்போது, தசையின் பரப்பு ஏறக்குறைய 100 மடங்கு பெருகுகின்றது. நரம்பும் அதற்கேற்பப் புதிய முனைகளை அரும்ப வேண்டும்; இன்றேல் பெருத்த தசையை அதனால் அசைக்க இயலாது. தசை வளர்ந்த செய்தி நரம்புக்கு எப்படி எட்டுகின்றது?

2002இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் இரண்டு, நரம்பில் அச்செய்தியை ஏற்கும் வாயிலைக் கண்டன. 2003இல் செய்தியும் அகப்பட்டது. தசை சுரக்கும் அப்புரதம், முதுகெலும்புடைய உயிர்களில் எலும்பை உருவாக்கும் காரணிகளின் இனத்தைச் சேர்ந்தது. இதற்குரிய மரபணு பழுதுற்ற புழுவின் உடல் தெளிந்து தோன்றியதால், ‘கண்ணாடி அடித்தளப் படகு’ என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் அதற்கு இட்டிருந்தனர். இப்புரதம் நரம்பு நுனியில் பற்றிக்கொள்ள, செய்தி நரம்பணுவின் கருவரை செல்கின்றது. அது தடைப்பட்ட புழுவில் நரம்பு முனைகள் குன்றின, கட்டளையும் நலிந்தது.

ஈயிற் கண்டது மனிதனுக்கு மருந்தாகிவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. எனினும், நரம்பு மட்டும் பேச, தசை மட்டும் கேட்பதில்லை என்பது உறுதியாயிற்று. கொழுந்து கொய்யும் விரலும் மலையேறும் பாதமும் அந்த இருவழிப் பேச்சினாலேயே இயங்குகின்றன. அப்பேச்சைக் குலைக்க, கலப்படமுற்ற எண்ணெய் சிறிதே போதுமாயிருந்தது.