டிலே பெடல்: குறைகளின் வரலாறு

டிலே பெடல் வாங்கப் போற ஆக்களிட்ட முதல் வாற கேள்வி, "அனலொக்கா, டிஜிட்டலா?" எண்டதுதான். அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் மைக் பட்டில் உருவாக்கிய எக்கோபிளெக்ஸ், காந்த நாடாவில் இயங்கியது. ஒரு ஹெட் கிற்றார் ஒலியைப் பதியும். அடுத்தது கொஞ்சம் பிந்தி வாசிக்கும். நாடா தேயத் தேய எதிரொலி மங்கும், சுருதியும் மெல்ல ஆடும்.

1969இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் சாங்ஸ்டரும் டீரும் 'பக்கெட் பிரிகேட்' சுற்றை அறிமுகப்படுத்தினார்கள. தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல, மின்தேக்கிகள் ஒலியைக் கடத்தும். நேரத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். அதை அடக்க வடிகட்டி போட்டார்கள், எதிரொலி இருண்டது. 1981இல் வந்த பொஸ் டிஎம்-2 தந்தது அதிகபட்சம் 300 மில்லிசெக்கன்.

1983இல் பொஸ் டிடி-2 வந்தது. டிஜிட்டல், 800 மில்லிசெக்கன், தெளிவான ஒலி. அனலொக்கின் கதை முடிஞ்சுது எண்டுதான் நினைக்கத் தோன்றும்.

முடியேல்ல. தெளிவான எதிரொலி நாங்கள் வாசிக்கிற சுரத்தோடயே போட்டி போடும். மங்கினது பின்னால ஒதுங்கி நிக்கும். அதனாலதான் 2014இல் பொஸ்ஸே டிஎம்-2ஐ மீண்டும் கொண்டுவந்தது. டிஜிட்டல் பெடல்களும் நாடாவின் ஆட்டத்தை இண்டைக்குப் பாவனை செய்யுது.

தாளத்தோட துல்லியமா அடுக்கி வாசிக்க டிஜிட்டல் நல்லம். சோலோவுக்குப் பின்னால ஒரு நிழல் வேணுமெண்டால் அனலொக். மில்லிசெக்கனை மட்டும் பார்த்து எடுக்காதேங்கோ. மூண்டாவது, நாலாவது எதிரொலி எப்பிடி அடங்குது எண்டு கேட்டுப் பாருங்கோ.