கடலற்ற நகரில் நெய்தல்: பெங்களூருக் கலைக்கூடங்களில் கடற்கரை ஓவியங்கள்

பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கிழக்கே சோழமண்டலக் கரைக்கும் மேற்கே துளுநாட்டுக் கரைக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு உண்டு. எனினும், இந்நகரின் காட்சிக்கூடங்களிலும், கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சித்திரச் சந்தையிலும் உள்ளூர் ஓவியர் தீட்டிய கடற்கரைப் படங்கள் இடம்பெறுகின்றன. கடலைக் காணாத நகரில் கடல் ஏன் வரையப்படுகிறது, அது எந்தக் கடல் என்னும் வினாக்கள் கலை வரலாற்றுக்கு மட்டும் உரியன அல்ல. நிலத்தையும் உணர்வையும் இணைத்து இலக்கணம் வகுத்த மொழியின் ஆய்வாளர்க்கும் அவை உரியன.

பெங்களூருவின் சொந்த நிலக்காட்சி மரபு கடலைச் சார்ந்ததன்று. அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கே. வெங்கடப்பா (1886-1965) நீர்வண்ணத்தில் தீட்டியவை உதகையும் கொடைக்கானலும். ருமாலே சென்னபசவய்யா (1910-1988) நகரத்துப் பூமரங்களை வரைந்தார். பரிஷத்தின் ரோரிக் கூடத்தில் தொங்குவது இமயம். ஆக, இங்குக் கடல் வெளியிலிருந்து வந்த பொருள். அதனைக் கொணர்ந்தோரும் பெரும்பாலும் கரையிலிருந்து மேட்டுநிலம் ஏறியவர்களே. உடுப்பிக்கு அருகில் கட்டிங்கேரியில் பிறந்த கே.கே. ஹெப்பார் (1911-1996) வாழ்ந்தது மும்பையில். ஆயினும் அவர் அளித்த ஓவியங்களின் தொகுப்பு பரிஷத்தில் தனிக்கூடமாக உள்ளது. யூசுப் அரக்கல் (1945-2016) கேரளத்தின் சாவக்காட்டிலிருந்து இளமையில் இந்நகருக்கு வந்தவர். ‘உள்ளூர் ஓவியர்’ என்னும் சொல் இங்குப் பிறந்த ஊரைக் குறிப்பதில்லை, குடியேறிய ஊரையே குறிக்கிறது.

கரையை ஒரு காட்சியாக வரையும் வழக்கம் ஐரோப்பியரிடமிருந்து வந்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1792-93இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த அவ்வேளையில் பெங்களூர்ப் பகுதிக்கும் வந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்களின் செதுக்கச்சுத் தொகுதிகளில் சென்னைக் கோட்டை கடற்புறத்திலிருந்து காட்டப்படுகிறது. முன்னே நுரைத்தெழும் அலையில் மசூலாப் படகுகள், பின்னே வெண்ணிறக் கோட்டை. காண்பவன் வந்து செல்பவன். அவனுக்கு அந்தக் கரையில் எவரும் இல்லை. இதுவே நிலக்காட்சி ஓவியத்தின் நிற்குமிடம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியின் வழியே அது நம்மவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

நெய்தலில் நிற்குமிடம் வேறு. தொல்காப்பியம் அத்திணைக்குத் தெய்வமாக வருணனையும் சிறுபொழுதாக எற்பாட்டையும் கூறும். உரிப்பொருள் இரங்கல் எனக் கொள்வர். அங்குக் கடல் பார்க்கப்படும் பொருளாக அமைவதில்லை. எவர் வரவுக்கோ காத்திருக்கும் ஒருத்தியின் பொழுதாக அமைகிறது. புன்னையும் தாழையும் உப்பும் உணங்கல் மீனும் அக்காத்திருப்பின் சான்றுகள். இன்றைய படங்களில் தவறாது நிற்கும் தென்னை சங்கநூல்கள் அறிந்த மரமே எனினும், நெய்தலின் அடையாளம் புன்னையே.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான இழுபறி சென்னைப் பள்ளியின் வரலாற்றில் தெளிவாகப் புலப்படும். கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977) தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர்; தொடக்கத்தில் கேரள நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றவர். 1957இல் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். 1963 அளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தொடங்கினார். அதில் நிலக்காட்சி மறைந்து எழுத்தும் கட்டமும் சோதிடக் குறிகளும் தளத்தை நிரப்பின. மூன்றாண்டுகளில், 1966இல், மாணவர்களுடன் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயே அந்நிலத்தை வாங்க உதவியது. கடலின் விளிம்புக்கே குடிபெயர்ந்த வேளையில் கடற்காட்சி அவர்களின் ஓவியத்திலிருந்து விலகியிருந்தது என்பது நோக்கத்தக்கது. நாள்தோறும் அலையோசை கேட்பவர்க்கு அதனைச் சட்டத்துள் அடைக்கும் தேவை எழவில்லை போலும்.

அக்கிராமத்தின் தொடக்கக் குடியினருள் ஒருவர் மைசூரில் பிறந்த எஸ்.ஜி. வாசுதேவ். 1980களின் இறுதியில் அவர் பெங்களூருவில் குடியேறினார். இருபதாண்டுக்கு மேல் கடலோரம் வாழ்ந்த அவருக்குப் பெயர் தந்தது அலையன்று, ‘விருட்சம்’ என்னும் மரவரிசை. அரக்கலோ, கடற்கரை ஊரிற் பிறந்தும் நகரத்துத் தனித்த மாந்தரையே மிகுதியும் வரைந்தார். சுவரோரம் ஒடுங்கியிருக்கும் அவ்வுருவங்களில் நெய்தல் நிலம் இல்லை. உரிப்பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது எனக் கொள்ள இடமுண்டு. திணை மயக்கம் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

எனவே காட்சிக்கூடத்தில் தொங்கும் அறியப்படாத ஓவியரின் கடற்கரைப் படமே நிலக்காட்சி மரபைத் தொடர்ந்து காத்துவருவது. கலை விமரிசகர் அதனை வரவேற்பறை அலங்காரம் என ஒதுக்குவர். அவ்வொதுக்கல் ஓரளவே நேர்மையானது. அப்படங்களில் வரலாற்றுச் சான்றுகள் பொதிந்துள்ளன. முதலாவது ஒளியின் திசை. சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுந்து நிலத்தின்புறம் மறைவான். மாலையில் படகின் முகம் ஒளிபெறும், கடல் முன்னதாகவே இருளும். துளுநாட்டிலும் கேரளத்திலும் மாலைக் கதிர் கடலுள் வீழும்; படகு கரிய நிழலுருவாகும். செவ்வானத்தில் கரும்படகு நிற்கும் படம் மாலையைக் காட்டுவதாயின் அது மேற்குக் கரையினது. கிழக்குக் கரையினதாயின் விடியலாகவே இருத்தல் வேண்டும். எற்பாடு என்னும் ஒரே சொல் தொண்டியின் கடலுக்கும் கொற்கையின் கடலுக்கும் பொதுவாக வழங்கினும், கண்ணுக்கு அவை இரு வேறு மாலைகள்.

இரண்டாவது கலம். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, கரை சேர்ந்தபின் அவிழ்த்து மணலில் உலர்த்தும் கட்டுமரம் கிழக்குக் கரைக்கு உரியது. கண்ணாடியிழைப் படகு அதன் இடத்தைப் படிப்படியாகக் கைப்பற்றியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நிவாரணப் படகுகள் அம்மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தின. கர்நாடகக் கரையில் ஊரே திரண்டு இழுத்த ரம்பணி வலை, 1970களின் பிற்பகுதியில் சுருக்குவலை பரவியதும் பெருமளவு மறைந்தது. இவை கரையினின்று நீங்கிய பின்னரும் ஓவியத்தில் பாய்விரித்த கட்டுமரம் நீங்கவில்லை. அதனைப் பிழை எனல் எளிது. ஓவியர் வரைவது விட்டுவந்த கரையை. அக்கரை அவர் நீங்கிய ஆண்டிலேயே நின்றுவிட்டது. டேனியல்களிடம் இல்லாத இரங்கல், கைத்திறன் குறைந்த இப்படங்களில் அறியாமலே நுழைந்துவிடுகிறது.

இச்சான்றுகளைப் பயன்படுத்தத் தடையாவது பெயர்ப்பட்டை. ‘கடற்கரை’, ‘படகுகள்’, ‘அந்தி’ என்பனவற்றுக்கு மேல் அது பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. மால்பேயா, சாவக்காடா, ஈஞ்சம்பாக்கமா என்பது ஓவியர் வாய்மொழியிலேயே உள்ளது. படம் விற்றபின் அதுவும் உடன்செல்வதில்லை. மாணிக்கவேலு மாளிகையில் 2009இல் திறக்கப்பட்ட தேசிய நவீன ஓவியக்கூடம் பெயர்பெற்றோரின் படைப்புகளைப் பேணுகிறது. ஏனையோர்க்கு ஒரு வாரக் கண்காட்சியும் குறைந்த வாடகையில் ஒரு மண்டபமுமே வாய்ப்பு. கஸ்தூரிபா சாலை வெங்கடப்பா கலைக்கூடம் நெடுங்காலம் அவ்வாறு பயன்பட்டது. அதனைத் தனியார் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்க அரசு செய்த உடன்பாட்டை எதிர்த்து 2016இல் ஓவியர் பலர் ஒன்றுகூடிப் போராடினர். அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. மண்டபம் எஞ்சியது. அதன் சுவர்களில் ஒரு வாரம் தொங்கி இறங்கிய கடற்கரைகள் எவை, அவற்றுள் எத்தனை கட்டுமரங்கள் என்பதற்கான பட்டியல் இனித்தான் எழுதப்பட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லக்கூடிய மூத்த ஓவியர்கள் இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.