காலியான பாறையின் தழும்புகள்: சேலம், நாமக்கல் நிலத்தில் யுரேனியத் தேட்டம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே கரடும் ஏரியும் மானாவாரிக் காடுமாக விரியும் நிலம் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினாலும், இன்று மேலே தெரியும் பாறையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வெந்து கிடந்து, தன்மேல் இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போன பின் வெளிப்பட்டதாகும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறை கடும் வெப்பத்தில் உருமாறியபோது, பெரிய அணுவாகிய யுரேனியம் சாதாரணக் கனிமங்களின் படிகக் கூட்டுக்குள் அடங்காமல், உருகிய குழம்போடும் சூடான நீர்மங்களோடும் சேர்ந்து மேல்நோக்கி வெளியேறிவிட்டது என்பதே பொதுவான விளக்கம். புவி மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக இரண்டு மூன்று கிராம் யுரேனியம் இருக்க, இப்படி உருமாறிய, வடதமிழகத்தின் சார்னோக்கைட்டு வகைப் பாறைகள் பலவற்றில் அந்த அளவுகூட இல்லை. ஆகவே இந்த வட்டாரத்தின் யுரேனியத் தேட்டம் பழைய பாறையைத் தேடுவதன்று. அப்பாறை பிற்காலத்தில் எங்கெங்கே பிளந்தது, அந்தப் பிளவுகளுக்குள் எது புகுந்தது என்று தழும்பு பார்ப்பதாகும்.

இந்தப் பாறைகளை முறையாகப் படித்த முதல் தலைமுறையினருக்கு யுரேனியம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் அமைப்பை 1864இல் நூலாக்கினர். தாமஸ் ஹாலண்ட் 1892இல் சேலத்து இரும்புத் தாதுவைப் பற்றி எழுதினார். மிடில்மிஸ் 1896இல் சுண்ணாம்புக் கரட்டு மாக்னசைட்டை, அதாவது ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் கனிமத்தை, ஆராய்ந்தார். அதே 1896இல்தான் பாரிசில் பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றி வைத்த ஒளிப்படத் தகட்டை யுரேனிய உப்பு தானாகவே கறுக்கச் செய்வதைக் கண்டறிந்தார். சேலத்துக் கரடுகளில் சுத்தியலோடு அலைந்தவர்களுக்கு அந்தச் செய்தியால் அப்போது ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

தேவை ஏற்பட்டது விடுதலைக்குப் பிறகு. 1948இல் அணுசக்தி ஆணையம் அமைந்தது; 1949இல் டி.என். வாடியாவின் தலைமையில் அரிய கனிமங்களைத் தேடும் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து, ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்குநரகமாக இன்று இயங்குகிறது. தென்கோடியின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் ஏராளமாகக் கிடந்தது. யுரேனியமோ இன்றைய ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1951இல் கண்டறியப்பட்டது. ஜாதுகுடா ஒரு பெரிய பாறை நசுங்கல் வலயத்தில், அதாவது மேலோட்டின் இரு பகுதிகள் ஒன்றையொன்று உரசி இழுபட்டதால் பாறை பொடிந்து நீண்ட பட்டையில் அமைந்திருந்ததால், நாட்டின் மற்ற நசுங்கல் வலயங்களும் கவனத்துக்கு உரியவையாயின. மோயாற்றிலிருந்து பவானி வழியாகவும், சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கியும் ஓடும் வலயங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை.

இப்பகுதியில் இலக்குகள் இரண்டு வகை. முதலாவது, சங்ககிரி, திருச்செங்கோடு, சூரியமலைப் பக்கங்களில் பழைய பாறையைத் துளைத்துக்கொண்டு மேலேறிய கருங்கல் திரள்கள். ஐம்பது, அறுபது கோடி ஆண்டு வயதுடைய இவை நிலவியல் கணக்கில் இளையவை. ஆழத்திலிருந்து யுரேனியத்தைச் சுமந்து வரக்கூடியவை. சூரியமலைத் திரளைச் சார்ந்த குள்ளம்பட்டி வட்டாரம் இயக்குநரகத்தின் ஆய்வுகளில் இடம்பெற்றது இதனால்தான். இரண்டாவது வகை கார்பனடைட்டு. சுண்ணாம்புக்கல்லைப் போன்ற இயைபு கொண்டிருந்தும் கடலடியில் படியாமல், எரிமலைக் குழம்பாகப் பிறந்த விந்தைப் பாறை அது. எடப்பாடியை அடுத்த பக்கநாட்டில் இப்பாறை அருமண் தனிமக் கனிமங்களோடு காணப்படுகிறது. வடக்கே திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில், நியோபியத்தையும் யுரேனியத்தையும் ஒருங்கே கொண்ட பைரோகுளோர் என்னும் கனிமம் அதில் உண்டு.

தேடும் முறைகளில் எளியது காமாக் கதிரை எண்ணுவது. சோடியம் அயோடைடு படிகத்தில் கதிர் பட்டால் ஒரு மின்மினிப் பொறி தோன்றும். கருவி அப்பொறியின் வலிமையை அளந்து, இது பொட்டாசியத்தின் கதிரா, யுரேனியக் குடும்பத்தின் கதிரா, தோரியக் குடும்பத்தின் கதிரா என்று பிரித்துச் சொல்லும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருவி காண்பது யுரேனியத்தை அன்று. அது சிதைந்து சிதைந்து ஈன்ற பேரப்பிள்ளையாகிய பிஸ்மத்து 214ஐத்தான். மழைநீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போய், அதன் வழித்தோன்றல்கள் மட்டும் பாறையில் தங்கியிருந்தால், கருவி இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்டிவிடும். ஆதலால் கையில் எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எவரும் கணக்கு எழுதுவதில்லை.

காமாக் கதிர் அரை மீட்டர் மண்ணைத் தாண்டி வருவதே அரிது. செம்மண்ணும் வண்டலும் மூடிய சமவெளியில் இது பெருங்குறை. எனவே மண்ணில் சிறு குழி தோண்டி, யுரேனியத்தின் வழிவந்த ரேடான் வளிமத்தை அளப்பது ஒரு வழி. நான்கு நாளுக்குள் பாதியாகக் குறைந்துவிடும் அந்த வளிமம், பிளவுகள் வழியே மேலேறி வருவதால் கீழே நடப்பதற்குச் சாட்சி சொல்லும். காந்தமானியைச் சுமந்து நேர்கோடுகளில் நடப்பது இன்னொரு வழி. யுரேனியம் காந்தத்தன்மை உடையதன்று என்றாலும், சூடான நீர்மம் ஓடிய பிளவில் இருந்த மாக்னடைட்டு என்னும் காந்த இரும்புக் கனிமம் துருவாக மாறிவிட்டால், அங்கே காந்த அளவு தாழ்ந்து ஒரு கோடு தெரியும். ஆனால் கஞ்சமலையின் மாக்னடைட்டுப் பட்டைகளைப் போன்ற இரும்புத் தாதுவின் அருகே இத்தகைய மெல்லிய தாழ்வைப் பிரித்தறிவது கடினம். ஹாலண்டின் காலத்தில் இந்நிலத்தின் செல்வமாயிருந்த இரும்பு, இந்தத் தேட்டத்தில் இரைச்சலாகிவிடுகிறது.

நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்கும் முறை இவ்வூர் உழவர்களுக்குப் புதிதன்று. போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க வருவோர் அதே கம்பிகளையும் முளைகளையும்தான் நிலத்தில் ஊன்றுகின்றனர். தண்ணீர் தேடுவோரும் யுரேனியம் தேடுவோரும் தேடுவது ஒரே பிளவைத்தான் என்பதால், விவசாயக் கிணற்று நீரை மாதிரி எடுத்துப் பார்ப்பதும் இத்தேட்டத்தின் ஒரு முறையாயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி நாடு முழுவதும், ஆப்பிரிக்கா வரையும் சென்று ஆழ்துளை போடும் ரிக் வண்டிகளின் தொழில், இந்தக் கருங்கல் நிலத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தது.

ஆயினும் தண்ணீருக்கு இடும் துளையும் கனிமத்துக்கு இடும் துளையும் ஒன்றல்ல. ரிக் வண்டியின் சம்மட்டி காற்றழுத்தத்தால் பாறையை அடித்துப் பொடியாக்கி வெளியே ஊதிவிடும். முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று ஆழத்தைச் சொல்லலாமேயொழிய, எந்த ஆழத்தில் எந்தப் பாறை எப்படிக் கிடந்தது என்பது புழுதியில் கலந்துபோகும். கனிமத் துளையிடலில் வைரத் துணுக்குகள் பதித்த வளையம் நீர் ஊற்றிச் சுழல, நடுவில் வெட்டப்படாமல் நிற்கும் பாறை கோர் என்னும் உருளைத் தண்டாக முழுசாக மேலே வரும். வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, ஆழம் எழுதிய மரத்துண்டை இடையிடையே வைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாதியைச் சேமிப்பர். பாறை நொறுங்கிய இடத்தில்தான் கோர் சிதைந்து கைக்கு வராமல் போகும். தாது இருப்பதும் பெரும்பாலும் அந்த நொறுங்கலில்தான். எனவே துளைக்குள் காமா அளவியை இறக்கி, கைக்கு வராத பகுதியையும் அளந்துகொள்வது கட்டாயமாகிறது.

ஜாதுகுடாவில் ஒரு டன் தாதுவுக்கு அரைக் கிலோ அளவில் யுரேனியம் கிடைத்தே சுரங்கம் நடந்தது. கனடாவின் சிகார் லேக்கில் அது நூறு கிலோவுக்கும் மேல். சேலம், நாமக்கல் நிலத்தில் சுரங்கம் எதுவும் தோன்றவில்லை. செவ்வாத்தூரிலும் யுரேனியம், அமிலத்தில் எளிதில் கரையாத நியோபியக் கனிமத்துக்குள் பூட்டப்பட்டிருக்க, அங்கே தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் எடுத்தது வெர்மிகுலைட்டு என்னும் வேறொரு கனிமத்தைத்தான். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருந்ததால், அதை அரைத்துச் செய்த மண் இஸ்ரோவின் நிலவுக்கல சோதனைக்குப் பயன்பட்டது. தேடாத ஒன்றுக்கு இப்படிப் பயன் வந்த அதே நிலத்தில், தேடிய யுரேனியம் கோர்ப் பெட்டிகளிலும் வரைபடங்களின் சமஅளவுக் கோடுகளிலும் தங்கிவிட்டது.