கோவாவின் மீன்குழம்பும் 1736ஆம் ஆண்டின் ஆணையும்

கோவாவில் சாதாரண நாளின் மதிய உணவு 'ஷித் கொடி'. கொங்கணி மொழியில் சோறும் குழம்பும் என்று பொருள். குழம்பு என்றால் அங்குப் பெரும்பாலும் மீன்குழம்பே. துருவிய தேங்காய், காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை விழுதாக அரைத்து, நீர் விட்டுக் கொதிக்க வைப்பர். உலர்ந்த கோகம் புளித் தோல் நாலைந்தை இட்டு, இறுதியாகக் கானாங்கெளுத்தித் துண்டுகளைச் சேர்ப்பர். மீன் உடையாதிருக்கக் கரண்டியிடாமல் சட்டியை மெல்லச் சுழற்றி இறக்குவர். அரைமணி நேரத்தில் முடியும் இச்சமையலில் பல நூற்றாண்டுகளின் வரலாறு கலந்திருக்கிறது.

போர்ச்சுக்கீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினர். அங்கு வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில், தேங்காயை அரைத்துப் பாலெடுத்துக் கோழியும் இறைச்சியும் சமைப்பதையும், அதனை மக்கள் 'கரில்' என்றழைப்பதையும் குறிப்பிடுகிறார். நம் 'கறி'யோடு உறவுடைய சொல் அது. ஆகவே தேங்காய்க் குழம்பு போர்ச்சுக்கீசியர் கொடுத்ததன்று. அவர்கள் வந்து கண்டது.

மிளகாயின் கதை வேறு. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது, போர்ச்சுக்கீசியரின் கடல்வழி வணிகத்தோடு மேற்குக் கரையை வந்தடைந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே இருந்தன. மிளகு கப்பலேறும் பண்டம். மிளகாயோ வீட்டுக் கொல்லையிலும் காய்த்தது. பயிரிடச் சொல்லி எவரும் ஆணையிடாமலே அது அம்மிக்கு வந்து சேர்ந்தது. தமிழிலும் மிளகின் பெயரையே தாங்கி அது 'மிளகாய்' ஆயிற்று.

ஆணையிட்டது வேறொன்றுக்கு. 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மதம் மாறியோர் பழைய வழக்கங்களை விட்டனரா என்று அது கண்காணித்தது. 1736இல் அது வெளியிட்ட ஆணை துளசி வளர்ப்பதைத் தடுத்தது, சமையலறைக்குள்ளும் நுழைந்தது. சோற்றை உப்பின்றி வேகவைத்துப் பின்னர் உப்பிடுவது இந்துக்களின் வழக்கம் எனக் கூறி, கிறித்தவர் அவ்வாறு சமைக்கலாகாது என்றது. உலையில் எப்போது உப்பு விழுகிறது என்பதே ஒருவரின் விசுவாசத்தை அளக்கும் கோலாயிற்று.

மன்றம் நிறுவப்பட்டு 176 ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தகைய தடை தேவைப்பட்டது என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். வழக்கொழிந்த ஒன்றை எந்த அரசும் மெனக்கெட்டுத் தடை செய்வதில்லை. மதம் மாறிய வீடுகளில் பழைய கைப்பழக்கம் தொடர்ந்தது என்பதற்கு அத்தடையே சான்று.

1812இல் மன்றம் ஒழிக்கப்பட்டது. 1961இல் போர்ச்சுக்கீசிய ஆட்சியும் முடிந்தது. இன்று கோவாவின் இந்து வீட்டிலும் கிறித்தவ வீட்டிலும் மீன்குழம்பின் அடிப்படை தேங்காயும் மிளகாயுமே. கோகம், புளி, கள்ளிலிருந்து எடுக்கும் காடி எனப் புளிப்பு மட்டும் வீட்டுக்கு வீடு, குழம்புக்குக் குழம்பு மாறும். அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயை அயல்பொருள் என்று எவரும் ஒதுக்குவதில்லை.

அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்து, அங்கு வேகும் பண்டத்தைக் கொண்டு அவ்வீட்டாரின் பற்றையும் பண்பாட்டையும் அளக்க முனைவோர் இன்றும் உண்டு. அவர்கள் 1736ஆம் ஆண்டின் அந்த ஆணையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.