சர்வாதிகாரி: ஆறு மாதக் கெடுவோடு பிறந்த பதவி

‘டிக்டேட்டர்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘ஆணையிட்டுச் சொல்பவர்’ என்று பொருள். பழைய ரோமில் அது வசைச்சொல் அல்ல. முறையான அரசுப் பதவி. ஆண்டுதோறும் இரண்டு கான்சல்கள் பதவிக்கு வருவார்கள். ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் தடுக்கலாம். பகைவர் படை நெருங்கிவிட்ட நேரத்தில் இந்த இழுபறி உதவாது. அப்போது செனட் கேட்டுக்கொள்ள, கான்சல்களில் ஒருவர் நள்ளிரவில் எழுந்து, ஓசை எதுவும் எழாத வேளை பார்த்து, ஒருவரை டிக்டேட்டர் என்று பெயர் சொல்லி நியமிப்பார். பிரம்புக் கட்டும் கோடரியும் ஏந்திய 24 சேவகர்கள் அவருக்கு முன்னால் நடப்பார்கள். கான்சலுக்கு 12 பேர்தான். இவ்வளவு அதிகாரம் கொண்டவருக்கும் மக்களின் அனுமதி இல்லாமல் குதிரைமேல் ஏற உரிமை கிடையாது. கெடு ஆறு மாதம். காரியம் அதற்கு முன்பே முடிந்தால் அப்போதே இறங்கிவிட வேண்டும். கி.மு. 458இல் வயலிலிருந்து அழைத்து வரப்பட்ட சின்சினாட்டஸ், போரை முடித்துவிட்டு 16ஆம் நாளே பதவியைத் துறந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் லிவி.

அந்தச் சொல்லின் உயிர் அந்தக் கெடுவில்தான் இருந்தது என்பது என் முடிவு. அதிகாரம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதே அந்தப் பதவியைப் பதவியாக வைத்திருந்தது.

கெடுவை முதலில் உடைத்தவர் ரோமானியத் தளபதி சுல்லா. கி.மு. 82இல் கால வரம்பு இல்லாமல் டிக்டேட்டர் ஆனார். ஆனாலும் பிறகு தாமாக விலகினார். அடுத்து வந்த சீசர் விலகவில்லை. கி.மு. 44இல் ரோமில் அடிக்கப்பட்ட வெள்ளி தெனாரியக் காசு ஒன்றில் இலைமாலை சூடிய அவருடைய தலை இருக்கிறது. கழுத்துச் சுருக்கங்கள்கூடத் தெரியும். விளிம்பை ஒட்டி ‘டிக்ட் பெர்பெத்துவோ’ என்ற எழுத்துகள். நிரந்தர டிக்டேட்டர் என்பதன் சுருக்கம். அந்த ஆண்டு மார்ச் 15ஆம் தேதி அவர் குத்திக் கொல்லப்பட்டார். உடனே, சீசரோடு கான்சலாக இருந்த ஆன்டனி அந்தப் பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார். கி.மு. 22இல் பஞ்ச காலத்தில் மக்கள் கூட்டம் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸிடம் அதே பதவியை ஏற்கும்படி மன்றாடியபோது அவர் மறுத்துவிட்டார். அவருக்கு அது தேவைப்படவில்லை. வேறு வேறு பெயர்களில் எல்லா அதிகாரமும் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. பெயரைத் தள்ளிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ளும் வழியை உலகுக்குக் காட்டியவர் அவர்.

இத்தாலியில் அந்தச் சொல் நல்ல பொருளோடு ஒருமுறை திரும்பி வந்தது. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடி, 1860 மே மாதம் சிசிலியில் இறங்கிய கரிபால்டி, மன்னர் விக்டர் இம்மானுவேலின் பெயரால் தம்மை டிக்டேட்டர் என்று அறிவித்தார். அக்டோபரில் தியானோ அருகே மன்னரைச் சந்தித்தார். நவம்பரில் தென் இத்தாலியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு கப்ரேரா தீவில் இருந்த தம் வீட்டுக்குப் போனார்.

நம்முடைய ‘சர்வாதிகாரி’ ஆங்கிலத்துக்கு ஈடாகப் புதிதாகக் கட்டிய சொல் அல்ல. 18ஆம் நூற்றாண்டு மைசூரில் அது ஓர் அரசுப் பதவி. 1752இல் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு உதவியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் படை நடத்தி வந்த நஞ்சராஜய்யா மைசூரின் சர்வாதிகாரி. அரியணையில் மன்னர் இருந்தார். ஆட்சி இவர் குடும்பத்தின் கையில். 1761இல் ஹைதர் அலி அந்த அதிகாரத்தைக் கைப்பற்றியபோதும் மன்னரை அரியணையிலேயே விட்டுவைத்தார். மன்னரை அரியணையில் வைத்துக்கொண்டே முசோலினி ஆண்ட இத்தாலியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம்தான் நினைவுக்கு வருகிறது.

உலகப் போர்கள் இரண்டுக்கும் நடுவே, இந்தச் சொல்லை மதிப்போடு தாங்கியவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். சட்டமறுப்பு இயக்கத்தின்போது காங்கிரஸ் கமிட்டிகள் தடைசெய்யப்பட்டதும், கூட்டம் போட்டு முடிவெடுக்க வழியில்லாமல் போயிற்று. அதனால் ஊருக்கு ஒரு ‘டிக்டேட்டர்’ பொறுப்பேற்பார். கைதாகும்போது அடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்களும் ‘சர்வாதிகாரி’ என்றே அழைக்கப்பட்டார்கள். போலீஸ் வந்து கூட்டிப்போகும் வரைதான் அவர்களுடைய பதவிக்காலம். ரோமானியர் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருளுக்கு அந்தத் தலைமுறையில் இவர்களே மிக நெருக்கமானவர்கள்.

அமெரிக்காவில் 1927இல் ஸ்டூட்பேக்கர் நிறுவனம் தன் கார் ஒன்றுக்கு ‘டிக்டேட்டர்’ என்று பெருமையோடு பெயர் வைத்தது. 1937உடன் அந்தப் பெயர் மறைந்தது. இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளில்தான் சொல் கறைபட்டது.

கறையை உண்டாக்கியவர்களோ அந்தச் சொல்லைத் தம் பட்டமாக ஏற்கவில்லை. முசோலினி ‘டூச்சே’, ஹிட்லர் ‘ஃப்யூரர்’, பிராங்கோ ‘கவுதில்யோ’. மூன்றும் தலைவன் என்ற பொருளைச் சுற்றியே வருபவை. ஸ்டாலின் நெடுங்காலம் கட்சியின் பொதுச் செயலாளர் மட்டுமே. 1928 முதல் 1933 வரை தன் ஆட்சிக்கு ‘தேசிய சர்வாதிகாரம்’ என்று வெளிப்படையாகவே பெயர் வைத்துக்கொண்ட போர்ச்சுகல் ஒரு விதிவிலக்கு.

பெயரை மறைத்தவர்கள் கெடுவை மட்டும் கேட்டு வாங்கினார்கள். ஸ்பெயினில் 1923 செப்டம்பரில் ஆட்சியைப் பிடித்த பிரிமோ தெ ரிவேரா 90 நாள் போதும் என்றார். 1930 ஜனவரி வரை இருந்தார். முசோலினிக்கு 1922 டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றம் கொடுத்த முழு அதிகாரம் 1923 டிசம்பர் 31 வரைதான். மார்க்ஸ் சொன்ன பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்கூட, வர்க்கமற்ற சமுதாயத்துக்குப் போகும் வழியில் ஓர் இடைக்காலம் என்றுதான் வகுக்கப்பட்டது.

ஜெர்மனியின் கதை இதில் எல்லாவற்றிலும் கொடியது. 1919 வைமார் அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவு, நெருக்கடியில் ஆணைகள் பிறப்பிக்கக் குடியரசுத் தலைவருக்கு இடம் கொடுத்தது. 1930க்குப் பிறகு நெருக்கடி ஆணைகளே வழக்கமான ஆட்சிமுறை ஆகிவிட்டன. 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஓர் ஆணை பேச்சுரிமையையும் எழுத்துரிமையையும் முடக்கியது. மார்ச் 23 அன்று உறுப்பினர்கள் குரோல் இசைநாடக அரங்கில் கூடினார்கள். சீருடை அணிந்த நாஜிப் படையினர் உள்ளேயே நின்றிருந்தார்கள். கம்யூனிஸ்டுகள் சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாகியிருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அந்தக் கூட்டத்தின் நடுவே அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. அந்த 94 பேரும் வெல்ஸின் கட்சியினர்.

ஹிட்லரின் அரசே சட்டம் இயற்றலாம் என்ற அந்தச் சட்டத்தில் ஐந்தே பிரிவுகள். ஐந்தாவதைப் படித்துப் பார்க்க வேண்டும்: 1937 ஏப்ரல் 1ஆம் தேதியோடு இது காலாவதியாகும் என்கிறது. நடுப்போக்குக் கட்சிகள் நம்பி ஆதரித்து வாக்களித்ததற்கு அந்தத் தேதியும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1937 ஜனவரியில் ஒரே கட்சி உட்கார்ந்திருந்த சபை அதை நீட்டித்தது. 1939இல் மறுபடி நீட்டித்தது. 1943இல் ஹிட்லரே தம் ஆணையால் நீட்டித்துக்கொண்டார். கெடுவை நீட்டிப்பவனும் கெடுவுக்கு உட்பட்டவனும் ஒரே ஆளாகிவிட்டால், தேதி வெறும் எழுத்து.

இத்தாலியில் ஒரு சின்ன வாசல் மூடப்படாமலே கிடந்தது. 1925 டிசம்பர் 24ஆம் தேதிச் சட்டம் முசோலினியை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டாதவர் ஆக்கியது. ஆனால் மன்னருக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவே விட்டது. 1943 ஜூலை 24 இரவு கூடிய பாசிஸ்ட் பெருமன்றத்தில் 19 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். மறுநாள் மாலை மன்னர் அவரை வரவழைத்து, வேறொருவரை நியமித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்தவரை ஆம்புலன்ஸ் ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் 1934 ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் இறந்தபோதே குடியரசுத் தலைவர் பதவியும் ஹிட்லரிடம் சேர்ந்துவிட்டது. அங்கே அவரை வரவழைத்து ‘போய் வாருங்கள்’ என்று சொல்லச் சட்டப்படி எவருமே மிஞ்சவில்லை.